பூட்டிய பீரோவுக்குள் ஒரு ஆய்வகம்
(‘ஆசிரியரின் அலமாரி’ தொடர் – 7)

போன வாரம் கலைக்களஞ்சியத்தைப் பற்றிப் பார்த்தோம். பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் கொண்டுவந்த அந்தப் பத்துத் தொகுதிகள் ‘இது என்ன?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கின்றன. எட்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் சாக்பீஸோடு நிற்கிற அறிவியல் ஆசிரியருக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ‘இதை எப்படிக் காட்டுவது?’ அந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்ட ஒரு நூலின் கதைதான் இந்த வாரம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் குண்டு விழுந்த ஊர்களில் பள்ளிகள் இடிந்து கிடந்தன. சுவரை எழுப்பிவிடலாம், கூரையும் போட்டுவிடலாம். தராசும் நுண்ணோக்கியும் கண்ணாடிக் குடுவையும் எங்கிருந்து வரும்? அதுவரை பிள்ளைகளைக் காக்க வைக்க முடியுமா?

1945 நவம்பரில் லண்டனில் கூடிய நாடுகள் யுனெஸ்கோவுக்கு அடித்தளம் போட்டன. அதன் இயற்கை அறிவியல் பிரிவுக்கு முதல் தலைவராக வந்தவர், சீன அறிவியலின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற ஜோசப் நீதாம். அந்த அமைப்பு தன் தொடக்க ஆண்டுகளில் வெளியிட்டவற்றில் ஒன்று, ஜே.பி. ஸ்டீபன்சன் என்ற பிரிட்டிஷ் ஆசிரியர் எழுதிய சிறு கையேடு. ‘பேரழிவுக்கு உள்ளான நாடுகளின் அறிவியல் ஆசிரியர்களுக்குச் சில யோசனைகள்’ என்பது அதன் தலைப்பின் பொருள். கையில் கிடைக்கிற தகரம், கம்பி, மரத்துண்டு, காலி பாட்டிலை வைத்துக்கொண்டு கருவிகளைச் செய்வது எப்படி என்று அது சொல்லிக் கொடுத்தது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். இடிந்துபோன ஆய்வகத்தை நினைத்து எழுதிய நூல், ஆய்வகம் என்ற ஒன்றே கட்டப்படாத நாடுகளிலும் தேடிப் படிக்கப்பட்டது. போர் பறித்துக்கொண்ட ஊரும், வறுமை எதையும் தராத ஊரும் அறிவியல் வகுப்பில் ஒரே நிலையில்தான் இருந்தன. ஆகவே யுனெஸ்கோ அந்தக் கையேட்டை விரித்து, பல நாட்டுச் செய்முறைகளைச் சேர்த்து, 1956இல் அறிவியல் கற்பித்தலுக்கான மூலநூலாக வெளியிட்டது. 1962இல் திருத்திய பதிப்பு வந்தது. 1973இல் நூல் புதிதாகவே எழுதப்பட்டது. உலகின் பல மொழிகளுக்கு அது போயிருக்கிறது.

1956 பதிப்பின் அமைப்பைக் கவனியுங்கள். கருவிகளைச் செய்யும் முறைகள் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. பிறகுதான் செடிகள், விலங்குகள், பாறையும் மண்ணும், வானம், காற்று, வானிலை, நீர், வெப்பம், காந்தம், மின்சாரம், ஒளி, மனித உடல் என்று பாடங்கள். ‘வாங்கித் தாருங்கள், நடத்துகிறேன்’ என்று ஆசிரியர் காத்திருக்க வேண்டாம். செய்துகொண்டே நடத்தலாம் என்பது அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரே ஒரு செய்முறையைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். ஸ்ட்ராத் தராசு. ஜூஸ் கடையில் கிடைக்கிற காகித ஸ்ட்ரா ஒன்று போதும். ஒரு முனைக்குள் சிறிய திருகாணியைத் திருகி நுழையுங்கள். மறுமுனையின் மேல்பாதியைக் கத்தரித்தால் சின்னக் கரண்டி போல ஆகிவிடும். ஸ்ட்ராவை விரல்மேல் வைத்து, அது சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில், நடுக்கோட்டுக்குச் சற்றே மேலே, ஒரு தையல் ஊசியைக் குறுக்காகக் குத்துங்கள். ஊசியின் இரு பக்கமும் ஒரே உயரமுள்ள இரண்டு விளிம்புகள்மேல் உட்காரட்டும். திருகாணியைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே திருகினால் ஸ்ட்ரா கிடைமட்டத்துக்கு வரும். கரண்டி முனைக்குப் பின்னால் ஓர் அட்டையை நிறுத்தினால் அளவுகோல் தயார். தராசு முடிந்தது.

எடைக்கல்? ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாள் கட்டின் உறையைப் பாருங்கள். 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம் என்று அர்த்தம். ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் சதுரத்துண்டின் எடை 8 மில்லிகிராம். கத்தரியும் ஸ்கேலும் இருந்தால் மில்லிகிராம் எடைக்கற்களைப் பிள்ளைகளே வெட்டிக்கொள்வார்கள். ஒரு துண்டு வைத்து ஒரு கோடு, இரண்டு துண்டு வைத்து இன்னொரு கோடு என்று அட்டையில் குறித்துக்கொண்டே போகலாம்.

இதை என் மேசையில் செய்து பார்த்தேன். கதவைத் திறந்ததும் காற்றில் ஸ்ட்ரா ஆடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பொன்னி அரிசியைக் கரண்டியில் வைத்தபோது அது மெல்ல இறங்கி, இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றது. அப்போது எழுந்த கேள்விகளைப் பாருங்கள். அது நின்ற இடத்துக்கு என்ன எண் எழுதுவது? அடுத்த அரிசியும் அங்கேயே நிற்குமா? பத்து அரிசியை நிறுத்துப் பத்தால் வகுத்தால் என்ன? இட்லி அரிசி எவ்வளவு கூடுதல்? நெம்புகோல், அளவுத்திருத்தம், சராசரி, பிழை ஆகிய நான்கு பாடங்களும் ஒரு ஸ்ட்ராவுக்குள் வந்துவிட்டன. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் மின்னணுத் தராசு எண்ணை மட்டும் காட்டும். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைக் காட்டுவது இந்த ஸ்ட்ராதான்.

நம் நாட்டிலும் இந்த வழியில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரண்டு தொண்டு அமைப்புகள் முன்கை எடுத்தன. விஞ்ஞானிகளும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் கிராமத்துக்கு வந்து பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து செய்முறைகளை உருவாக்கினார்கள். ‘பால வைக்ஞானிக்’ என்ற அவர்களது பாடநூலில் பதில்கள் இல்லை. செய்து பார்க்க வேண்டியவை இருந்தன. தேர்வில் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதினார்கள். 1978இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா அங்கே போன பிறகுதான் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யத் தொடங்கினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பு ஓர் உத்தரவில் முடிந்தது இன்றும் வலிக்கிறது. ஆனால் நூல்கள் மிஞ்சின. திட்டத்தை நிறுத்தலாம், எழுதி வைத்த செய்முறையை நிறுத்த முடியாது.

ஆசிரியரின் அலமாரியில் இன்னொரு வகை நூலும் இருக்க வேண்டும். பிள்ளைகள் ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லும் நூல் அது. இங்கிலாந்தின் ரோசலிண்ட் டிரைவர் இந்தத் துறையில் வழிகாட்டியவர். ‘கோடையில் ஏன் வெயில் அதிகம்?’ என்று கேளுங்கள். ‘பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருவதால்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள், பெரியவர்களும் சொல்வார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நமக்கு மார்கழிப் பனி கொட்டும்போது. அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதை மட்டும் நடத்திவிட்டு நகர்ந்தால், பழைய நினைப்பு அப்படியே உள்ளே இருக்கும். அதை முதலில் வெளியே வரவழைத்து, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய செய்முறை நூல்களில் பாதரசமும் ஆஸ்பெஸ்டாஸும் சாதாரணமாக வந்துபோகும். இரண்டும் உடலுக்குக் கேடு என்பது இன்று தெரிந்த உண்மை. அந்தப் பக்கங்களை விட்டுவிடுங்கள். எந்தச் செய்முறையையும் ஆசிரியர் முதலில் தனியே செய்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

நான் போய்ப் பார்த்த பள்ளிகளில் நல்ல அறிவியல் நூல்கள் இல்லாமல் இல்லை. தலைமை ஆசிரியர் அறையில், பூட்டிய பீரோவில், பிரிக்காத கட்டாக இருந்தன. காரணம் கேட்டால் பதில் ஒன்றுதான்: ‘ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு சார். ஒண்ணு குறைஞ்சாலும் ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும்.’ அவர் பயம் பொய்யில்லை. தொலைந்த புத்தகத்துக்குக் கணக்குக் கேட்கிற நாம், திறக்காத புத்தகத்துக்குக் கணக்குக் கேட்பதில்லை. ஆகவே ஆசிரியர் கையில் மிஞ்சுவது கடையில் விற்கும் கைடு மட்டும்தான். அதில் கேள்வி இருக்கும், பதில் இருக்கும். ஸ்ட்ரா இருக்காது.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த நூல்களை ஸ்டாஃப் ரூம் மேசைக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் ஒரு டப்பாவில் ஸ்ட்ரா, ஊசி, திருகாணி, கத்தரி வையுங்கள். ஆண்டு முடிவில் சில பக்கங்கள் கிழிந்திருக்கலாம், மை கொட்டியிருக்கலாம், ஒன்றிரண்டு தொலைந்தும் போகலாம். கணக்குப் பார்க்க வருகிற அதிகாரிகளே, அதை நஷ்டம் என்று எழுதாதீர்கள். அறிவியல் ஆசிரியரின் புத்தகம் அழுக்காவதுதான் அது வேலை செய்ததற்கு அத்தாட்சி.