ஆற்றங்கரையில் ஒரு கூடாரம்: எவருக்கும் உள்ள உரிமை

“தறப்பாளுக்குக் கீழே படுத்தெழும்பினது காணாதோ? இனிக் காசு குடுத்தும் கூடாரத்திலையோ படுக்கோணும்?” கோடை விடுமுறைக்குக் கூடாரம் கேட்கும் பிள்ளைகளுக்கு எங்கள் வீடுகளில் கிடைக்கும் பதில் இது. 1995 இடப்பெயர்வையும் 2009 இன் முட்கம்பி முகாம்களையும் கண்டவர்களிடம் வேறு பதிலை எதிர்பார்க்க முடியாது. ‘முகாம்’ என்ற சொல்லே எங்களுக்குக் கசக்கும். ஆனாலும் நோர்வேயில் வாழும் நாங்கள் இந்நாட்டின் சட்டமொன்றை அறிந்திருப்பது நல்லது.

1957 இல் இயற்றப்பட்ட திறந்தவெளி வாழ்வுச் சட்டத்தின்படி, பயிர்நிலம், வீட்டு வளவு போன்றவை தவிர்ந்த காடு, மலை, ஆற்றங்கரைகளில் எவரும் நடக்கலாம், இரவு தங்கலாம். நிலம் தனியாருக்குச் சொந்தமானாலும் சரி, கட்டணமில்லை, அனுமதிக் கடிதமில்லை. சட்டம் பாவிக்கும் சொல் ‘எவரும்’ என்பதே; பிரஜைகளுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. ஊர்விட்டு ஊர் போகப் பாஸ் எடுத்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பெறுமதி விளங்கும்.

வரவு இருந்தால் செலவும் இருக்கும் என்பது கணக்காளருக்குத் தெரியும். உரிமைக்கு எதிர்ப்பக்கத்தில் கடமைகள் உள்ளன. ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றருக்குள் கூடாரம் அடிக்கக்கூடாது. ஒரே இடத்தில் இரண்டு நாளுக்கு மேல் தங்க நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். உயர்ந்த மலைகளிலும் ஒதுக்குப்புறங்களிலும் இந்த வரையறை தளர்கிறது. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் தீ மூட்டத் தடை. தீ பரவ வழியே இல்லாத இடம் மட்டும் விலக்கு. கடலில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது: ஆற்றிலும் ஏரியிலும் பெரியவர்கள் மீன்பிடிக்க அனுமதி அட்டை எடுக்க வேண்டும்.

1980களின் பிற்பகுதியில் எங்களவர் பலர் வேலை செய்த மீன் தொழிற்சாலைகள் பின்மார்க் கரையோரத்தில் இருந்தன. அதே பின்மார்க்கின் உட்பகுதி பரந்த மேட்டுநிலம். இலங்கையின் முக்கால் பங்களவு பரப்பில் சுமார் 75,000 பேர்தான் வாழ்கிறார்கள். அங்குள்ள ஆற்றங்கரைகளில் கடையுமில்லை, கழிவறையுமில்லை. பல இடங்களில் கைத்தொலைபேசியும் வேலை செய்யாது. ஆகவே எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று உறவினர் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிக்கிட வேண்டும்.

இடம் தெரிவதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. தண்ணீரை ஒட்டிய மணல்திட்டு அழகாகத் தெரியும், ஆனால் அங்கே படுக்கக்கூடாது. மேலே மழை பெய்தாலோ பனி உருகினாலோ ஆறு இரவோடிரவாக ஏறும். மின் நிலையங்களுக்காக அணை கட்டிய ஆறுகளில் நீர்மட்டம் திடீரென்று மாறும். எச்சரிக்கைப் பலகைகளை வாசியுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சருகும் குச்சியும் பழைய வெள்ளம் எட்டிய கோட்டைக் காட்டும். அதற்கு நன்றாக மேலே கூடாரம் அடிக்க வேண்டும். குளிர்காற்று பள்ளத்தில் தேங்குவதால் மேட்டுநிலத்தில் குளிரும் குறைவு. காற்றுப்படும் இடத்தில் நுளம்பும் குறையும். ஆனாலும் ஜூலையில் நுளம்புவலை இல்லாமல் போகவே வேண்டாம்.

அங்கே கோடையில் நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும். சின்னப்பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிக்கட்ட ஒரு துணி கொண்டுபோங்கள். கோடையென்றாலும் இரவில் நன்றாகக் குளிரலாம்; தடித்த நித்திரைப்பையும் நிலத்தில் விரிக்கும் பாயும் அவசியம். மலசலத்துக்கு ஆற்றிலிருந்து நன்றாகத் தள்ளிக் குழி தோண்டி மூடுங்கள். அது சாமி மக்கள் கலைமான் மேய்க்கும் நிலம்; கலைமான்களைக் கண்டால் துரத்தாமல் அமைதியாக நில்லுங்கள். கொண்டுபோன குப்பை முழுவதும் உங்களோடு திரும்பி வரவேண்டும்.

வன்னியில் எங்கள் கூடாரத்தை எங்கே அடிப்பது, எப்போது கழற்றுவது என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். இங்கே அதை நாங்களே தீர்மானிக்கிறோம். அடுத்த கோடையில் பிள்ளைகள் கேட்டால் அம்மம்மாவையும் அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தறப்பாள் காலத்துக் கதையை அந்த ஆற்றங்கரையில் அவர்களே சொல்லட்டும். பிள்ளைகள் கேட்பார்கள்.