துயரத்துக்கு ஓர் இரவு

துன்பத்தைத் தவிர்க்கவே மனிதர் அனைவரும் விரும்புகின்றனர். ஆயினும், சோகப் பாடல்களை விலைகொடுத்து வாங்கிக் கேட்கின்றனர். இந்த முரணை விளக்க, அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா 1955-இல் வெளியிட்ட 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்' என்னும் இசைத்தொகுப்பைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

நள்ளிரவு கடந்து, விடியலுக்கு முந்தைய வேளையைக் குறிப்பது அத்தலைப்பு. அதிலுள்ள 16 பாடல்களும் இழந்த காதலையும் தனிமையையும் பற்றியவை. நடனமாடத் தூண்டும் துள்ளிசை ஒன்றுகூட அதில் இல்லை.

இத்தகைய தொகுப்புக்கு வழி திறந்தது தொழில்நுட்பம்தான். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடல் ஒன்றே அடங்கும். 1948-இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நீண்ட நேர இசைத்தட்டோ, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலித்தது. அந்த நீளத்தைப் பாடல்களை அடுக்கிவைக்கும் அலமாரியாகக் கருதாமல், ஒரே மனநிலையைத் தொடர்ந்து காக்கும் களமாகக் கண்டவர்களுள் சினாட்ரா முன்னோடி.

வியப்பு என்னவெனில், தலைப்புப் பாடலைத் தவிர, ஏனையவற்றுள் பெரும்பாலானவை பழைய பாடல்கள். டியூக் எலிங்டனின் 'மூட் இண்டிகோ' 1930-இல் பிறந்தது. ஹெரால்டு ஆர்லனின் 'இல் விண்ட்' 1934-இல் வந்தது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்காக எழுதப்பட்டவற்றை ஒரே இரவின் எண்ணங்களாக ஆக்கியது, தேர்வும் வரிசையும் நெல்சன் ரிடிலின் இசைக்கோப்புமே.

ரிடில் இசைக்கருவிகளை அடக்கத்துடன் கையாண்டார். சிறுமணி போன்ற செலஸ்டாவின் ஒலி, மெல்லிய தந்திக் கருவிகள், அவற்றுக்கிடையே மௌனம். சினாட்ராவின் குரலோ ஒலிவாங்கிக்கு மிக அருகில், ஒருவரிடம் மட்டும் பேசுவதுபோல் ஒலிக்கிறது. டாமி டார்சியின் குழுவில் பாடிய நாள்களில், அவர் டிராம்போன் வாசிக்கும்போது மூச்சை ஆளும் முறையைக் கவனித்தே சினாட்ரா தம் பாணியை வளர்த்துக்கொண்டார். அதனால்தான் வாக்கியத்தின் பொருள் சிதையாமல் நீண்ட அடிகளை அவரால் பாட முடிந்தது.

நடிகை ஏவா கார்ட்னருடனான மணவாழ்வு முறிந்த வேதனையே இத்தொகுப்பு என்பர் பலர். அவர்கள் 1953-இல் பிரிந்தது உண்மை. ஆனால், வேதனை மட்டுமே கலையாகிவிடாது என்பது என் கருத்து. காதலில் தோற்றோர் கோடிப்பேர். இப்படிப் பாடியவர் ஒருசிலரே. மேலும், 1954-இல் ஆஸ்கர் விருது பெற்று, வீழ்ச்சியிலிருந்து மீண்ட பின்னரே அவர் இப்பாடல்களில் பெரும்பாலானவற்றைப் பதிவு செய்தார். அவர் குரலில் விம்மல் இல்லை. இரக்கத்தை யாசிக்கும் தொனியும் இல்லை. துயரை நிதானமாக எடுத்துரைக்கும் தெளிவே உண்டு. கேட்பவர் அதில் தம் இழப்பைப் பொருத்திப் பார்க்க இடம் தருவதும் அந்தத் தெளிவுதான்.

இன்று பாடல்கள் ஒவ்வொன்றாக, கைப்பேசியின் கணக்கீட்டுக்கேற்ப வந்து போகின்றன. துயருற்றவரிடமும் 'மறந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்' என்கிறோம். ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஓடும் இத்தொகுப்பு அவ்வாறு அவசரப்படுத்துவதில்லை. பொய்யான ஆறுதலும் சொல்வதில்லை. விடியும்வரை உடன் அமர்ந்திருக்கிறது. துயருற்றவருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவியும் பல நேரங்களில் அதுவேயன்றோ?