கோடும் உடலும் – 9: பென்சிலில் தொடங்கிக் காயம் வரை

போரில் இழந்த பிள்ளைகளை நினைவுகூரும் மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் தாய்மார் ஏந்தி நிற்கும் படங்கள் பல, அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படத்தைப் பெருப்பித்தவை. பெருப்பித்ததில் கண்ணிமையும் உதட்டோரமும் கரைந்து போயிருக்கும். வீட்டோடு அல்பமும் போன பிறகு பல குடும்பங்களுக்கு மிஞ்சியது அந்த ஒரு படம்தான். "இதைப் பார்த்து வடிவாக் கீறித் தாங்கோ தம்பி" என்று ஒரு தாய் கேட்டால், உள்ளதை உள்ளபடி கீறத் தெரிந்த கைதான் அவருக்கு உதவும். அந்தக் கை நம் இளையவர்கள் சிலரிடம் இருக்கிறது. எச்.பி பென்சிலில் மெல்லத் தொடங்கி, 6பி-யில் கருமை ஏற்றி, தலைமயிரை இழை இழையாகக் கொண்டு வருகிறார்கள். நான் மதிக்கும் வேலை அது.

அவர்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும்: இதற்கு அடுத்த படி எது? அதற்கு வங்க ஓவியர் சோம்நாத் ஹோர் தன் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டு விடை தந்திருக்கிறார்.

1921இல் சிட்டகாங் பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் அவர். 1942இல் அந்தப் பகுதியில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சிதறிய உடல்களைப் பார்த்தபோது அவருக்கு இருபத்தொரு வயது. அடுத்த ஆண்டு வங்கப் பஞ்சம் வந்தது. ஓவியர் சித்தபிரசாத் அவரைத் தன்னோடு தெருவுக்குக் கூட்டிப் போனார். பசியில் விழுந்து கிடப்பவர்களை நேரே பார்த்துக் கீறச் சொன்னார். ஒளிப்படத்தைப் பார்த்துக் கீறும் வேலைக்கும் இதற்கும் பெரிய தூரம். முன்னால் கிடப்பவர் அசைவார், முனகுவார், இறந்தும் போவார். நிழல் தீட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. காறை எலும்பு எங்கே துருத்துகிறது, விலா எப்படி வளைகிறது, உடலின் பாரம் எந்த முழங்கையில் தங்குகிறது என்பதைக் கண் முதலில் பிடிக்க வேண்டும். பட்டினி கிடந்த உடலில் எலும்புக்கூடு வெளியே தெரியும். எந்தக் கலைக்கூடத்திலும் நடக்கக்கூடாத உடற்கூற்றுப் பாடம் அது. ஹோர் அதைத்தான் முதலில் படித்தார்.

1945இல் கல்கத்தா அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். பஞ்சத்தை மலிவான தாள்களில் கறுப்பு மையால் வரைந்து பெயர் பெற்ற ஜைனுல் ஆபெதீன் அங்கே ஆசிரியர். 1946 டிசம்பரில், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுக் குத்தகை விவசாயிகள் நடத்திய தேபாகா போராட்டத்தைப் பதிவு செய்ய வட வங்கத்துக்குப் போய், நாட்குறிப்பும் எழுதிப் படங்களும் கீறினார். அந்தப் படங்களில் ஆட்கள் ஆட்களாகவே இருக்கிறார்கள். முகத்துக்கு முகம் வேறு, சால்வை போர்த்திய விதம் வேறு.

பின்னர் வந்த அச்சு ஓவியங்களில் முகம் குறைந்தது, துணி போனது, கையும் காலும் குச்சியாயின. 1971இல் 'காயங்கள்' வரிசையைத் தொடங்கியபோது மனித உருவமே இல்லை. களிமண், மெழுகுத் தகடுகளைக் கத்தியால் கீறினார், சூடேற்றிய கம்பியால் துளைத்தார். அதிலிருந்து சிமெந்து அச்சு எடுத்து, அதன்மேல் கடதாசிக் கூழை அழுத்தினார். கிடைத்தது வெள்ளைத் தாளில் வெள்ளை வடு. மையுமில்லை, நிறமுமில்லை. ஆனாலும் பார்க்கிறவர் அதைத் தோல் என்றே அறிகிறார். ஏறக்குறைய முப்பது வருடம் உடலை நேர்நின்று பார்த்த கைக்குத்தான் அது வாய்க்கும். உடலைப் படிக்காமல் நேரே அங்கே குதித்தவர்களின் வெள்ளைத் தாள் வெறும் அலங்காரமாகவே நின்றுவிடுகிறது.

ஜெர்மனியின் கெதே கோல்விட்ஸ் நடந்ததும் இதே வழி. 1903இல், இறந்த குழந்தையை அணைத்திருக்கும் தாயைச் செதுக்க, தன் ஏழு வயது மகன் பீற்றரை மடியில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே கீறினார். கழுத்தின் தசைநார்கூடத் தப்பாத படம். 1914 ஒக்டோபரில் அதே பீற்றர் பெல்ஜியப் போர்முனையில் மாண்டான். அதன்பின் 1920களின் தொடக்கத்தில் அவர் மரத்தில் வெட்டிய 'போர்' வரிசையில் பெற்றோர் இருவரும் ஒரே கரிய திரளாகக் குனிந்திருக்கிறார்கள். தசைநார் இல்லை. நுணுக்கம் தெரியாமல் விட்டதல்ல அது, தெரிந்தே களைந்தது.

நம் பக்கத்தில், யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முடிவுறாத தோம்பு' நூலில், இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து தங்கள் கையாலேயே கீறியிருக்கிறார்கள். சித்திரம் படிக்காத அந்தக் கைகள் கிணற்றையும் வாசலையும் வைத்த இடத்தில், எந்தத் தேர்ந்த நிழல்தீட்டலிலும் நான் காணாத உறுதி இருக்கிறது. அதன் பக்கத்தில் ஓவியர் தன் படத்தை வைக்கிறார். மனிதரைக் கீறாமலே மனிதரைக் கொண்டுவந்த புத்தகம் அது.

முள்ளிவாய்க்காலை உலகம் ஒளிப்படத்திலும் காணொளியிலுமே பார்த்தது. நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய மணலில் நின்றவர்களின் உடல்மொழியை, பதுங்குகுழிக்குள் குந்தியிருந்த விதத்தை, தண்ணீர்க் கானைத் தூக்கிய தோளை அறிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களை நேரே பார்த்துக் கீறும் வேலை மிச்சமிருக்கிறது. ஒளிப்படத்தைப் பார்த்துக் கண்ணிமையைத் திருத்தமாகக் கீறும் தம்பி, தங்கையரே, வாரத்தில் ஒரு மாலையாவது அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு, சம்மதிக்கும் ஒரு பெரியவர் முன்னால் கொப்பியோடு இருங்கள். முகத்தைக் கடைசிக்கு வையுங்கள். முதுகையும் கையையும் முதலில் கீறுங்கள். பிழைத்த கோட்டை அழிறப்பரால் அழிக்காதீர்கள், பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். தாளின் பின்புறத்தில் திகதியையும் இடத்தையும் எழுதுங்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் ஓவியர் மாற்கு மாஸ்ரர் போன்ற ஒருவரே தன் படைப்புகளை இழந்த மண் இது. ஆகவே ஒவ்வொரு தாளையும் படமெடுத்து, வேறொரு வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள்.