மெஷினுக்குக் கண் கிடையாது... சி.என்.சி கற்கப்போகிறவர்கள் கவனத்துக்கு!

“சி.என்.சி-தானே... பட்டனை அழுத்தினா அதுவே செஞ்சுடும்!”

லேத் பட்டறைப் பக்கமே போகாதவர்கள் சொல்வது இது. பாதி உண்மைதான். சொன்னதை அப்படியே செய்யும் மெஷின். ஆனால், எதிரே இருப்பது அலுமினியத் துண்டா, அதைப் பிடித்திருக்கும் வைஸின் இரும்புத் தாடையா என்பது அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரிதான் வெட்டப் பார்க்கும்.

சேத்தூர், தளவாய்புரம், தேவதானம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் படிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ராஜபாளையம். 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பி.ஏ.சி.ராமசாமி ராஜாவின் பெயரில், 1963 முதல் அங்கே பாலிடெக்னிக் இயங்குகிறது. மில் ஊரில், தேய்ந்துபோன பாகத்தை அளவு மாறாமல் செய்துகொடுக்கும் கைக்கு எப்போதும் மரியாதை உண்டு. கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனாலும் அப்படித்தான்.

டிப்ளமோ வேண்டாம் என்பவர்களுக்கு ஐ.டி.ஐ இருக்கிறது. டர்னர், மெஷினிஸ்ட் இரண்டுமே 2 வருடப் படிப்பு. 10-ம் வகுப்புத் தேர்ச்சி போதும். அரசு ஐ.டி.ஐ என்றால் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. தமிழ்நாடு அரசு, டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ-களை ‘தொழில் 4.0’ மையங்களாகத் தரம் உயர்த்தும் திட்டத்தில் சி.என்.சி பயிற்சியும் இருக்கிறது.

சரி, உள்ளே போனதும் என்ன நடக்கும்?

50 மி.மீ சதுர அலுமினியத் துண்டு ஒன்றைக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 30 மி.மீ சதுரத்துக்கு, 5 மி.மீ ஆழத்தில் பள்ளம் எடுக்க வேண்டும். புரோகிராம் எழுதுவது பெரிய வித்தை இல்லை. ஜி00 என்றால் வேகமாக நகர், ஜி01 என்றால் வெட்டிக்கொண்டே நகர், எம்03 என்றால் ஸ்பிண்டில் சுற்று. ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பழகினால் கைக்கு வந்துவிடும்.

கஷ்டமே ‘ஜீரோ’ எடுப்பதில்தான். துண்டின் மூலை எங்கே இருக்கிறது என்பதை மெஷினுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கு எட்ஜ் ஃபைண்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. அதன் விட்டம் 10 மி.மீ என்றால், அது துண்டின் ஓரத்தைத் தொடும்போது ஸ்பிண்டிலின் மையம் 5 மி.மீ வெளியே நிற்கும். அந்த 5-ஐக் கணக்கில் சேர்க்காமல் விட்டால்? மெஷின் கத்தாது, நிற்காது, அழகாக ஓடி முடிக்கும். ஆனால் இரண்டு பக்கமும் 10 மி.மீ இருக்க வேண்டிய சுவர், ஒரு பக்கம் 5, மறுபக்கம் 15 என்று வந்து நிற்கும். துண்டு குப்பைக்கு!

அதைவிடப் பயங்கரம் ஒரு சின்னக் கோடு. துண்டின் மேல்பரப்பு ஜீரோ என்றால், இசட் 5 மேலே, இசட் மைனஸ் 5 உள்ளே. ஜி00 வரியில் அந்த மைனஸ் தவறி விழுந்தால், நிமிடத்துக்கு 20, 30 மீட்டர் வேகத்தில் டூல் நேராகத் துண்டுக்குள் இறங்கும். டூல் உடைவது சின்ன நஷ்டம். ஸ்பிண்டில் அடிவாங்கினால் பெரிய செலவு. அதனால்தான் முதல் ஓட்டத்தைத் துண்டுக்கு மேலே காற்றில் ஓட்டுவதும், ‘சிங்கிள் பிளாக்’ போட்டு ஒவ்வொரு வரியாக நகர்த்துவதும். அவசரக்காரர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. 10 மி.மீ எண்ட் மில், அலுமினியத்தில் நிமிடத்துக்கு 80 மீட்டர் வெட்டு வேகம் என்றால், 80-ஐ 1,000-ஆல் பெருக்கி, 3.14-ஆலும் 10-ஆலும் வகுத்தால் சுமார் 2,550 சுற்று. எட்டாம் வகுப்பில் ‘இது எதுக்கு சார்?’ என்று கேட்ட அதே வட்டச் சுற்றளவுதான்!

இன்னொன்று, கையுறை போட்டுக்கொண்டு சுழலும் டூல் பக்கம் போகவே கூடாது. பாதுகாப்பு என்று நினைப்போம், அதுவே நூலைப் பிடித்துக் கையை இழுத்துவிடும். சீவலையும் கையால் தள்ளக் கூடாது, பிரஷ்தான்.

முதல் துண்டு வெளியே வந்ததும் ஓரப் பிசிரை அரத்தால் நீவிவிட்டு, வெர்னியரில் அளக்க வேண்டும். 30.00 வர வேண்டிய இடத்தில் 29.94 வந்தால் ஆஃப்செட்டைத் திருத்தி இன்னொரு முறை ஓட்ட வேண்டும். இந்த ஜீரோ, ஆஃப்செட், அளவு மூன்றும் கைவந்தவரைத்தான் ‘செட்டர்’ என்கிறார்கள். துண்டை மாட்டிப் பட்டன் அழுத்துபவர் ஆபரேட்டர். சம்பளத்திலும் வேலை நிலைப்பதிலும் இந்த வித்தியாசம் தெரியும்.

பிரச்னை என்னவென்றால், ஒரு மெஷினைச் சுற்றி 20 பேர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்கினால், வெளியே வரும்போது ஆபரேட்டராகத்தான் வர முடியும். எனவே, பிள்ளையைச் சேர்க்கப் போகும் அப்பா, அம்மா மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்... எத்தனை மெஷின் ஓடுகிறது? ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? ஜீரோ எடுப்பதை என் பிள்ளை தன் கையால் செய்ய விடுவீர்களா?