நுழைவு விதியை மாற்றுவது யார்?

கைபேசிச் செயலியில் கடவு எண்ணை இட்டவுடன் கணக்கு திறக்கிறது. அந்தக் கணத்தில் நம்மை இன்னார் என்று தீர்மானிப்பவர் எந்த அலுவலரும் அல்லர். முன்பே எழுதிவைத்த விதிகளே. எத்தனை முறை எண் தவறினால் கணக்கைப் பூட்டுவது, புதிய கைபேசியிலிருந்து வருபவரிடம் கூடுதலாக எதைக் கேட்பது என்பன போன்ற இவ்விதிகளை அடையாளக் கொள்கை என்பர். இவை கணினியில் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருக்கின்றன. ஒரு வரி பிழைத்தால் அயலாருக்குக் கதவு திறக்கலாம், உரியவருக்கு மூடலாம்.

நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில் வாழ்பவர் களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ கணக்கு வைத்திருத்தல் இயல்பு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவும் வணிகமும் அக்கோட்டைப் பொருட்படுத்தவில்லை. ஒரே வங்கியில் எந்தப் பக்கத்துக் கிளையில் கணக்கிருந்தாலும் நுழைவு விதி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆனால் அந்த ஒரு விதி பல சேவையகக் கணினிகளில் இயங்குகிறது. ஒவ்வொன்றிலும் கையால் மாற்றினால் ஏதேனும் ஒன்று விடுபடக்கூடும்.

விடுபட்டால் என்னவாகும்? 2012 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிட்டல் அதனைக் கண்டது. புதிய நிரலை எட்டுச் சேவையகங்களில் ஏற்ற வேண்டியிருக்க, ஒன்று விடுபட்டது. இரண்டாமவர் எவரும் சரிபார்க்கவில்லை. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. அது நுழைவு விதியன்று, வர்த்தக நிரல். எனினும் நோய் ஒன்றே.

இதற்கான மருந்து நிரல் களஞ்சியம். லினக்ஸ் இயங்குதளத்திற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்னும் மென்பொருள் இவ்வகையில் பெயர்பெற்றது. விதிக் கோப்புகள் அதில் வைக்கப்படுகின்றன. மாற்ற விரும்புபவர் மூலக் கோப்பைத் தொடாமல் அதன் கிளைப் படியொன்றில் எழுதி ஒப்புதல் கோருவார். பழைய வரியும் புதிய வரியும் அருகருகே தெரிய, வேறொருவர் படித்து ஒப்புவார். எழுதியவரே ஒப்புவதைக் களஞ்சியம் தடுக்குமாறு அமைக்கலாம். ஒருவர் பதிய, மற்றொருவர் சரிபார்க்கும் நம் மேக்கர்–செக்கர் முறைதான் இது, வங்கியாளருக்குப் புதிதன்று.

ஒப்புதல் கிடைத்ததும் எஞ்சியதை இயந்திரம் செய்கிறது. கோப்பின் இலக்கணத்தைச் சோதிக்கிறது; சோதனைச் சூழலில் போலிக் கணக்குகளைக் கொண்டு நுழைந்து பார்க்கிறது; தேறினால் எல்லாச் சேவையகங்களுக்கும் ஒரே படியை அனுப்புகிறது. யார், எப்போது, எதனை மாற்றினார் என்பது பேரேட்டைப் போல் நிலைக்கிறது. பிழை தெரிந்தால் முந்தைய படிக்குத் திரும்பலாம். கடவுச்சொற்களையும் மறைத் திறவுகோல்களையும் மட்டும் அங்கே வைத்தலாகாது. லாக்கர் சாவியைப் பேரேட்டிற்குள் வைத்து மூடுவார் உண்டோ? அவற்றிற்குத் தனி மின்பெட்டகம் உண்டு.

தானியக்கம் என்றதும் கவலை தீர்ந்தது என்று கருதுவதற்கில்லை. 2020 டிசம்பர் 14 மாலை ஜிமெயிலும் யூடியூபும் சுமார் 47 நிமிடங்கள் முடங்கின. கூகுளின் அடையாளச் சேவையினது பயன்பாடு பூஜ்யம் எனப் பிழையாகப் பதிவானதை நம்பி, தானியங்கி அமைப்பே அதன் கொள்ளளவைக் குறைத்துவிட்டது. பிழையையும் இயந்திரம் அதே வேகத்தில் பரப்பும். எனவே புதிய விதியை முதலில் சிறு பகுதியினருக்கு மட்டும் தந்து கவனித்தலே முறை. ஒப்புதல் தருபவர் வரிகளைப் படிக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தினால், நம் கருத்தில், பழைய கைவேலையே மேல்.

இம்மாற்றங்கள் இனி அடிக்கடி நேரும். மின்னணுப் பணப்பரிமாற்ற அங்கீகாரம் குறித்து ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர் 25 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியவை. குறைந்தது இரண்டு அடையாளச் சான்றுகள் வேண்டும் என்பதோடு, இடரின் அளவிற்கேற்பக் கூடுதல் சோதனைக்கும் அவை இடம் தருகின்றன.

விதி மாறும் நாளில் செயலி உங்களை மீண்டும் உள்நுழையச் சொல்லலாம்; இயலாவிடில் நேரத்தையும் திரையில் தோன்றிய செய்தியையும் குறித்துக்கொண்டு கிளையில் தெரிவியுங்கள். விதியை மாற்றும் வேலை முழுவதும் வங்கியின் கணினிகளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்கு உங்கள் ஓடிபி எவருக்கும் தேவைப்படுவதில்லை.