வேலும் வேலையும்

குன்றத்தூர் மலைமேல் நிற்கும் முருகனிடம் 'வேலை கொடு' என்று வேண்டினால், பிழைப்புக்கு வழி கேட்கிறோம் என்று பொருள். நடுவே ஒரு 'க்' சேர்த்து 'வேலைக் கொடு' என்று எழுதிவிட்டால், அவர் கையில் இருக்கும் ஆயுதத்தையே கேட்டதாகிவிடும். இரண்டும் இலக்கணம் தவறாத தமிழ்தான். எழுதியவர் மனத்தில் எது இருந்தது என்பதைப் பொறுத்தே ஒன்று சரி, மற்றொன்று பிழை. மலையிலிருந்து இறங்கிப் பல்லாவரம் பக்கமோ போரூர் பக்கமோ போனால் மனை விற்பனைக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் விளம்பரப் பலகைகள். அப்படி ஒரு பலகையில் 'எங்களை அழைக்கவும்' என்பது 'அலைக்கவும்' ஆனால், எங்களைப் பாடாய்ப் படுத்துங்கள் என்று விற்பவரே கேட்டுக்கொள்கிறார். 'பள்ளிக்கு அருகில்' என்பது 'பல்லிக்கு அருகில்' ஆனால் மனையின் விலை என்ன ஆகுமோ! அலை, பல்லி, வேல் எல்லாமே அகராதியில் இருக்கும் நல்ல சொற்கள். அதனால்தான் இந்த வகைப் பிழை பார்வைக்குப் பிழையாகவே தெரிவதில்லை.

'விஷயம் புரிந்தால் போதாதா, ஓர் எழுத்துக்காகத் தனியாக ஆள் வைத்துச் செலவு செய்ய வேண்டுமா?' என்று வியாபாரிகள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பல்லியைப் பள்ளி என்று வாசகர் தாமே திருத்திப் படித்துக்கொள்வார்தான். ஆனால் எல்லாப் பிழையையும் வாசகரால் திருத்திக்கொள்ள முடியாது. 2009இல் பிரிட்டனின் கம்பெனிகள் பதிவகம், 'டெய்லர் அண்ட் சன்' என்ற நிறுவனம் கலைக்கப்பட்டதைத் தவறுதலாக 'டெய்லர் அண்ட் சன்ஸ்' பெயரில் பதிந்துவிட்டது. கார்டிஃப் நகரில் நூறாண்டைத் தாண்டி நடந்துவந்த பொறியியல் நிறுவனம் இந்த 'சன்ஸ்'. நொடித்துப்போனதாகச் செய்தி பரவியதும் சரக்குக் கொடுப்பவர்கள் கடனை நிறுத்தினார்கள். சில வாரங்களில் நிறுவனம் உண்மையிலேயே விழுந்தது. வேலை பார்த்தவர்கள் 250 பேருக்கு மேல். பதிவகமே பொறுப்பு என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2015 ஆகியிருந்தது. எல்லாம் ஒரே ஒரு 'ஸ்'.

எழுதியவரே பலமுறை படித்துப் பார்த்தால் ஆகாதா? ஆகாது. அவர் கண், தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனத்தில் இருப்பதைப் படித்துக்கொண்டு போகும். பெரும்புலவருக்கும் இதே கதிதான் என்பது நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்டுக் குற்றம் களைந்த பிறகே வெளிவந்ததாக அதன் பாயிரம் சொல்கிறது. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரும், சோழனுக்கு அமைச்சராக இருந்தவர் என்றபோதிலும், பெரியபுராணத்தைத் தில்லையில் அரங்கேற்றினார் என்பது மரபு. அச்சுக் காலத்தில் அந்த அவையின் இடத்துக்குப் பதிப்பாசிரியர் வந்தார். அச்சு இயந்திரம் வாங்க 1849இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்த ஆறுமுக நாவலர், 1852இல் பெரியபுராணத்தை உரைநடையாக்கி வெளியிட்டார்; பிழையில்லாத பதிப்பு என்றாலே நாவலர் பதிப்பு என்று பெயர் வாங்கினார். பதிப்பாசிரியர் கைக்கு வந்த ஓலை ஏடுகளில் பொதுவாகப் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும். 'எரி' என்று படித்தால் நெருப்பு, 'ஏரி' என்று படித்தால் நீர். இடம் பார்த்து, பொருள் பார்த்து ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். பிழை திருத்துவதை எழுத்துக்கூட்டிப் பார்க்கும் குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது மென்பொருள் வந்துவிட்டது என்பார்கள். உண்மைதான், பல்லியையும் பள்ளியையும் இன்று அது பெரும்பாலும் பிரித்துவிடும், வேண்டாம் என்று ஒதுக்குவது முட்டாள்தனம். ஆனால் வேலையா வேலா என்று எழுதியவரிடம் திரும்பிக் கேட்க வேண்டிய இடத்தில் அது ஏதோ ஒன்றைத் தானாகவே தேர்ந்தெடுத்துவிடக்கூடும். கேட்டாலும் பதில் சொல்ல அங்கே கவனமுள்ள ஆள் வேண்டும். 2005 டிசம்பரில் ஜப்பானின் மிசுஹோ நிறுவனத்தில், ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்பதற்குப் பதிலாக 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்கும்படி தட்டிவிட்டார்கள். கணினி எச்சரித்தது. எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு மேலே போனார்கள். நஷ்டம் ஏறக்குறைய 4,000 கோடி யென்.

எழுத்தாளர்களின் மனக்குறை வேறு மாதிரியானது: திருத்துபவர் கைபட்டால் நடை செத்துவிடும் என்பது. செத்ததும் உண்டு. வட்டார வழக்கைப் பாடப்புத்தகத் தமிழாக்குபவர் திருத்துபவரே அல்ல, அவரிடமிருந்து கதையைப் பிடுங்கிவிடுவதே நல்லது. நல்லவர் ஓரத்தில் கேள்விக்குறி போடுவதோடு நிறுத்திக்கொள்வார். மாற்றுவது எழுதியவர் உரிமை. திருத்துபவருக்குக் கூலி பெரும்பாலும் பக்கக் கணக்குதான், புத்தகத்தில் பெயரும் பல நேரம் வராது. கல்யாணப் பத்திரிகை அவர் கைக்கு வந்தால் சந்தி, ஒற்று எல்லாம் பிறகுதான். முதலில் காலண்டரை எடுத்துத் தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். மண்டபத்தின் பெயரைப் பக்கத்துத் தாளோடு ஒப்பிடுவார். கீழே இருக்கும் செல்போன் எண்ணைத் தம் போனில் அடித்து, மறுமுனையில் யார் பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் புரூஃபில் கையெழுத்துப் போடுவார்.