தலை துண்டித்த மணியோசை

1948-ஆம் ஆண்டு. பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷேஃபர் ஒரு மணியோசையை இசைத்தட்டில் பதிவு செய்தார். மணியின் மீது நாக்கு அடிக்கும் அந்த ஒரு கணத்தை மட்டும் நீக்கிவிட்டு, மீதி ரீங்காரத்தை ஒலிக்கவிட்டார். கேட்டவருக்கே வியப்பு. மணி காணாமல் போயிருந்தது. அதன் இடத்தில் ஓபோ என்ற மேற்கத்தியக் குழல் வாத்தியம் போன்ற ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது.

ஒலி ஒன்றை மணி என்றோ குழல் என்றோ நாம் அறிந்துகொள்வது அதன் சுருதியை வைத்து மட்டும் அல்ல. அது எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, எப்படி மறைகிறது என்ற வாழ்க்கைக் கதையைக் காது படித்துவிடுகிறது. இன்றைய டிஜிட்டல் சிந்தசைசர் நம் கையில் கொடுப்பது அந்தக் கதையை எழுதும் உரிமையை.

ஆனால் இசைக்கருவிக் கடைகளில் நான் அதிகம் பார்ப்பது வேறு காட்சி. கீபோர்டின் முன் நிற்கும் இளைஞர் பிரீசெட் எனப்படும் ஆயத்த ஒலி ஒன்றை அழுத்துகிறார், இரண்டு கட்டைகளை வாசிக்கிறார், அடுத்த எண்ணுக்குப் போகிறார். கால் மணி நேரத்தில் நூறு ஒலிகள் கடந்துவிடுகின்றன. எந்த ஒலியின் உள்ளேயும் அவர் நுழையவில்லை. நுழைந்து பார்த்தால் என்னென்ன இருக்கும் என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கருவியை வைத்துக்கொள்வோம். ஏ.எஸ்.எம். நிறுவனம் 2019-இல் அறிமுகப்படுத்திய ஹைட்ராசிந்த். ஒலி முழுவதும் எண்களாகவே உருவாகும் டிஜிட்டல் கருவி. ஒரே நேரத்தில் 8 ஸ்வரங்கள் ஒலிக்கும். ஒலியைச் செதுக்கும் இன்றைய வழிகளில் பல இதில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

மூலப்பொருள்: அலை

எல்லாம் ஆசிலேட்டரில் தொடங்குகிறது. விடாமல் சுற்றும் ஓர் அலையை உண்டாக்குவது அதன் வேலை. பழைய அனலாக் கருவிகளில் மரம் அறுக்கும் ரம்பத்தின் பல் போன்ற அலை, சதுர அலை, முக்கோண அலை என்று ஒரு கைப்பிடி வடிவங்களே இருந்தன. ஹைட்ராசிந்தில் 219 அலைகள். மூன்று ஆசிலேட்டர்கள். அவற்றில் இரண்டில், பிடித்த 8 அலைகளை வரிசையாக அடுக்கி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லலாம். கட்டையை அழுத்தியபடி இருக்கும்போதே ஒலியின் நிறம் மாறிக்கொண்டே போகும்.

இந்த யோசனைக்கு வித்திட்டவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தைச் சேர்ந்த வொல்ஃப்காங் பாம். அவருடைய பி.பி.ஜி. நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த வேவ் 2 என்ற கருவியில், நினைவகத்தில் அட்டவணையாகச் சேமித்த அலைகளின் ஊடே பயணம் செய்ய முடிந்தது. 'வேவ்டேபிள்' என்று இன்று பல மென்பொருள் சிந்தசைசர்களிலும் காணப்படும் முறை அங்கிருந்து கிளைத்தது.

அலையை எடுத்துக்கொண்ட பிறகு அதை வளைக்கலாம், நெருக்கலாம், பல படிகளாக அடுக்கலாம். ஹைட்ராசிந்தில் இதற்கென்றே 'மியூட்டன்ட்' என்ற பெயரில் நான்கு பகுதிகள் உள்ளன. அவை செய்யும் வேலைகளில் ஒன்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் பெயர் எஃப்.எம்.

ஆட்டம் நிறமாகும்போது

1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கணினியில் ஒலி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்வரத்தை மேலும் கீழுமாக மெல்ல ஆட்டும் வைப்ரேட்டோவைச் சோதித்தபோது, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். நொடிக்கு ஏறத்தாழ இருபது முறையைத் தாண்டியதும் காது ஆட்டத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக முற்றிலும் புதிய ஒலி நிறம் ஒன்று கேட்டது.

இதுதான் எஃப்.எம். ஓர் அலை இன்னோர் அலையை ஆட்டுவிக்கிறது. இரண்டின் வேகங்களும் 1:1, 1:2 என்று முழு எண்களில் பொருந்தினால் சுருதி சேர்ந்த இனிய ஒலி. பொருந்தாத விகிதமானால் வெண்கல மணியும் தாம்பாளத் தட்டும் போன்ற உலோக ஒலி. இரண்டே அலைகளில் இவ்வளவும்.

ஜப்பானின் யமஹா நிறுவனம் இதற்கு உரிமம் பெற்று, 1983-இல் டி.எக்ஸ்.7 என்ற கருவியை வெளியிட்டது. 6 அலைமூலங்கள், அவற்றை இணைக்க 32 வகை வரைபடங்கள், ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள். கண்ணாடிபோல் பளிச்சிடும் அதன் எலெக்ட்ரிக் பியானோ அந்தப் பத்தாண்டின் உலகப் பாடல்களையெல்லாம் நிறைத்தது. ஆனால் அந்தக் கருவியில் ஒலியைத் திருத்துவது கடினம். குமிழ்களே இல்லை, சின்னத் திரையைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக மாற்ற வேண்டும். அதனால் பெரும்பாலோர் ஆயத்த ஒலிகளோடு நின்றுவிட்டார்கள். கருவிக்குள் கடல் இருந்தது. கரையில் நின்று கால் நனைத்துவிட்டுத் திரும்பினோம்.

இன்று அந்தச் சாக்கு இல்லை. ஹைட்ராசிந்தின் முகப்பில் ஒலி ஓடும் பாதையே வரைபடமாக இருக்கிறது. ஆசிலேட்டர், மியூட்டன்ட், ஃபில்டர் என்று எந்தக் கட்டத்தின் பொத்தானை அழுத்துகிறோமோ, அதற்குரிய அளவுகள் சிறு திரைகளிலும் எட்டுக் குமிழ்களிலும் வந்து நிற்கும்.

வாயும் ஜீவாளியும்

அலைக்கு அடுத்தது ஃபில்டர். ஒலியில் அடங்கிய உயர் அதிர்வுகளையோ தாழ் அதிர்வுகளையோ வடித்தெடுப்பது அதன் பணி. அமெரிக்கரான ராபர்ட் மூக் 1960-களில் அமைத்த புகழ்பெற்ற ஃபில்டர், வெட்டும் எல்லைக்கு மேலே ஸ்தாயிக்கு 24 டெசிபல் என்ற அளவில் ஒலியைக் குறைத்தது. இன்றைய டிஜிட்டல் கருவிகள் அதன் குணத்தையும் வேறு பல ஃபில்டர்களின் குணத்தையும் கணக்கீட்டிலேயே கொண்டுவருகின்றன.

இதை நமக்கு விளக்கப் புதிய உவமை தேவையில்லை. தம்பூராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே வைக்கும் ஜீவாளி நூலை நினைத்துப் பாருங்கள். நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் மந்தமாக இருந்த தந்தி சட்டென்று விழித்துக்கொள்ளும். ஒரு மீட்டலுக்குள்ளேயே மேல் அதிர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து அடங்கும். சிந்தசைசரில், வெட்டும் எல்லையை ஒட்டிய அதிர்வுகளைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸை உயர்த்தி, ஃபில்டரின் எல்லையை மெதுவாகத் திருப்பினால் கேட்பதும் அதே மலர்ச்சியின் உறவுதான்.

ஹைட்ராசிந்தின் ஃபில்டர்களில் உயிரெழுத்து ஃபில்டர் என்று ஒன்று உண்டு. குமிழைத் திருப்பத் திருப்பக் கருவி ஓர் உயிர் ஒலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. தொண்டையில் பிறக்கும் ஒலி ஒன்றுதான். அதை அகரமாகவும் உகரமாகவும் ஆக்குவது வாயின் வடிவம். அங்காத்தலாலும் இதழ் குவிதலாலும் உயிர்கள் வேறுபடுவதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துச் சொல்கிறது. வாய் என்பது நாம் பிறவியிலேயே பெற்ற ஃபில்டர். அந்தப் பாடத்தைப் பள்ளியில் படித்தவருக்கு இந்தக் குமிழ் அந்நியமாக இருக்காது.

பிறப்பு, வாழ்வு, ஓய்வு

இப்போது ஷேஃபரின் மணிக்குத் திரும்புவோம். ஒலியின் வாழ்க்கைக் கதையை எழுதும் பகுதிக்கு என்வலப் என்று பெயர். 1965-இல் விளாதிமிர் உசாசெவ்ஸ்கி என்ற இசையமைப்பாளர் இன்ன இன்ன கட்டங்கள் வேண்டும் என்று வரையறுத்துக் கேட்க, மூக் அந்தக் கருவிப் பகுதியைச் செய்து கொடுத்தார். எழுச்சி, தணிவு, நிலை, ஓய்வு என்ற நான்கு கட்டங்களும் இன்றுவரை நிலைத்துவிட்டன.

வீணையை மீட்டியதும் ஒலி ஒரே பாய்ச்சலில் எழுந்து, அந்தக் கணமே தேயத் தொடங்குகிறது. வயலினில் வில் பதியும்போது மெல்ல எழுந்து, வில் ஓடும்வரை நிற்கிறது. நாகஸ்வரத்தில் மூச்சு இருக்கும்வரை வாழ்கிறது. ஒரே அலையை வைத்துக்கொண்டு என்வலப்பை மட்டும் மாற்றுங்கள். அதே அலை மீட்டுவதாகவும், இழுப்பதாகவும், ஊதுவதாகவும் மாறி மாறித் தோன்றும்.

ஹைட்ராசிந்தில் ஐந்து என்வலப்கள். ஒவ்வொன்றிலும் தாமதம், பிடிப்பு என்ற இரண்டும் சேர்ந்து ஆறு கட்டங்கள். ஒலியளவுக்கு ஒன்று, ஃபில்டருக்கு ஒன்று என்று போக மீதியை எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒலி உரக்க ஒலித்தபடியே இருக்க, அதன் பிரகாசம் மட்டும் மூன்று நொடிகளில் அணையலாம். அலை வரிசையின் பயணம் அரை நொடி தாமதித்துத் தொடங்கலாம்.

என்வலப் ஒரு முறை நடந்து முடிவது. திரும்பத் திரும்ப நடப்பது எல்.எஃப்.ஓ. காதுக்கு ஸ்வரமாகக் கேட்காத அளவு மெதுவான அலை. ஊஞ்சல் போல இன்னொன்றை ஆட்டிக்கொண்டிருக்கும். இவையும் ஐந்து. எது எதை, எவ்வளவு ஆட்ட வேண்டும் என்று முடிவுசெய்வது மாடுலேஷன் மேட்ரிக்ஸ் என்ற இணைப்புப் பலகை. அதில் 32 இணைப்புகள். கட்டையை வேகமாக அடித்தால் ஃபில்டர் திறக்கட்டும், மேல் ஸ்தாயிக்குப் போகப் போக ஓய்வு குறையட்டும் என்று நாமே விதிகளை எழுதலாம். ஒலிக்குக் குணம் வருவது இந்தப் பலகையில்தான்.

அசையும் காந்தாரம்

நம் இசை கேட்டு வளர்ந்தவருக்கு இங்கே ஒரு கேள்வி எழும். இவ்வளவு அசைவும் இருக்கிறதே, தோடி ராகத்தின் காந்தாரத்தை இதில் அசைக்க முடியுமா?

எல்.எஃப்.ஓ.வால் முடியாது. அதன் ஆட்டம் சீரானது. கமகம் சீரானதல்ல, எங்கே தங்க வேண்டும், எவ்வளவு ஏற வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் பாடுபவரின் மனம் தீர்மானிக்கிறது. ஆகவே விரல் தேவை. கீபோர்டின் இடப்புறச் சக்கரத்தால் சுருதியை வளைக்கலாம். கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிப்பவர்களுக்கு இது பழகிய வழி. ஆனால் ஒரு சிக்கல். ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சுருதியாகப் பிடித்துக்கொண்டு காந்தாரத்தை வளைக்கப் போனால், சக்கரம் சாதாரணமாக மூன்றையும் சேர்த்தே வளைத்துவிடும். ஆதார சுருதியே ஆடினால் ராகம் எங்கே நிற்கும்?

இதற்கு விடை ஒவ்வொரு கட்டையும் தனித்தனியே அழுத்தத்தை உணர்வது. 1977-இல் வந்த யமஹா சி.எஸ்.80 கருவியிலேயே இந்த வசதி இருந்தது. கருவியின் எடையோ நூறு கிலோவை ஒட்டியது. 'பிளேடு ரன்னர்' படத்தின் இசையில் வாஞ்ஜெலிஸ் அதைத்தான் வாசித்தார். அதன் பிறகு பல ஆண்டுகள் மிகச் சில கருவிகளிலேயே இது கிடைத்தது. ஹைட்ராசிந்த் இதை மீண்டும் எளியவர் பக்கம் கொண்டுவந்தது. அழுத்தத்தைச் சுருதியோடு இணைத்துவிட்டால், ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நிற்க, காந்தாரத்தின் கட்டை மட்டும் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப மேலே ஏறும். வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுப்பதற்கு நெருங்கிய அனுபவம் இது. அதன் 49 கட்டை வடிவத்தில் கட்டைகளுக்கு மேலே ஒரு நீண்ட ரிப்பனும் உண்டு. அதில் விரலை வழுக்கினால் ஸ்வரங்களுக்கு நடுவே வேலியே இல்லை.

இந்தத் தேடல் நமக்குப் புதிதும் அல்ல. லிப்போல்ட் ஹேக்கன் வடிவமைத்த கன்டினூம் என்ற, கட்டைகளே இல்லாத கருவியை ஏ.ஆர். ரகுமான் 2009-இல் வெளிவந்த 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா து' பாடலில் வாசித்திருக்கிறார். ஒவ்வொரு விரலின் அசைவையும் தனியே அனுப்பும் எம்.பி.ஈ. என்ற முறை 2018-இல், மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி தரத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது. பன்னிரண்டு கட்டைகளுக்குள் அடங்காத இசைகளை நோக்கி இயந்திரம் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ள நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

ஒரு மாலைப் பொழுது

சிந்தசைசர் வைத்திருப்பவர்களுக்கும் கணினியில் அதன் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு மாலை மட்டும் பிரீசெட்டுகளைத் தொடாதீர்கள். ஹைட்ராசிந்தில் 'இனிட்' என்ற பொத்தான் எல்லாவற்றையும் அழித்து வெறும் அலையைத் தரும். மற்றக் கருவிகளிலும் பெரும்பாலும் இதற்கு ஒரு வழி இருக்கும். அந்த மொட்டை ஒலியிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஒலியளவின் எழுச்சி நேரத்தைக் கூட்டுங்கள். ஷேஃபரின் மணிக்கு நேர்ந்ததை உங்கள் காதே கேட்கும். அடுத்து ஃபில்டரை மூடி, அதற்கென ஓர் என்வலப்பைக் கொடுத்துத் திறக்கச் செய்யுங்கள். கடைசியாக, விரலின் அழுத்தத்தை ஏதாவது ஒன்றோடு இணையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு குமிழ். மாற்றியதும் கண்ணை மூடிக் கேட்பது. எதிரொலி, முழக்கம் போன்ற எஃபெக்டுகளை இறுதிவரை அணைத்தே வையுங்கள். அவை குறைகளை மறைத்துவிடும்.

அன்று பிறக்கும் ஒலி தொழிற்சாலை தரும் ஒலியைவிட எளியதாகவே இருக்கும். ஆனால் அது ஏன் அப்படி ஒலிக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் கோயில் மணி அடிக்கும்போது அதன் முதல் கணத்தைத் தனியாகக் கேட்பீர்கள். தம்பூராவில் மேல் அதிர்வுகள் மலர்வதைக் கேட்பீர்கள். கருவியைத் திறந்து பார்த்தவருக்குக் கடைசியில் திறப்பது காது.